போன்சாய் ஏன் பத்தே நாளில் காய்ந்துபோகிறது? கரிசல் பூமியில் முதல் குறுமரம் வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"வாங்கிட்டு வரும்போது நல்லாத்தான் இருந்துச்சு. பத்து நாள்ல இலை எல்லாம் கொட்டிட்டு." போன்சாய் வாங்கிய பலரும் சொல்வது இதுதான். பிறந்தநாள் பரிசாக வந்த மரம், ஆன்லைனில் ஆர்டர் போட்ட மரம், தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ போனபோது நர்சரியில் ஆசைப்பட்டு வாங்கிய மரம் என எதுவாக இருந்தாலும் கதை ஒன்றுதான். டிவி பக்கத்தில் வைத்தார்கள். தினமும் ஒரு கை தண்ணீர் தெளித்தார்கள். மரம் போய்விட்டது. கடைசியில் "நமக்கு ராசி இல்ல" என்று தொட்டியைக் கொல்லையில் கவிழ்த்துவிடுகிறார்கள்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முதல் போன்சாய் சாவதற்குப் பெரும்பாலும் மூன்றே காரணங்கள்தான்: ஊருக்கு ஒத்துவராத மரம், தொட்டிக்கு ஒத்துவராத மண், தப்பான முறையில் ஊற்றிய தண்ணீர். வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரத்தையே எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் கரிசல் காடு. பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. சித்திரை வெயில் முடிந்தால் ஆடி வரைக்கும் விடாத காற்று. ஜப்பானிய வழிகாட்டியை அப்படியே பின்பற்றினால் இங்கே எந்த மரமும் தாங்காது. ஆனால், ஊரை அறிந்து தொடங்கினால், காசு செலவில்லாமல் கிணற்றுச் சுவரில் இருந்தே முதல் மரத்தை எடுக்கலாம்.

போன்சாய் என்பது தனி வகை மரமா?

இல்லை. இதுதான் முதலில் தெளிய வேண்டிய குழப்பம். ஜப்பானிய மொழியில் 'போன்' என்றால் தட்டு போன்ற ஆழமில்லாத தொட்டி, 'சாய்' என்றால் நடுவது. தட்டில் நட்ட செடி, அவ்வளவுதான் பொருள். சாலையோரத்தில் நிற்கும் அதே ஆலமரம்தான் தொட்டியில் ஒரு அடி உயரத்தில் நிற்கிறது. அதன் வேரையும் கிளையையும் அவ்வப்போது வெட்டிக் கட்டுப்படுத்துவதால் அது சிறியதாக இருக்கிறது. தரையில் இறக்கி நட்டால், மறுபடி பெரிய மரமாகத்தான் வளரும்.

அதனால் 'போன்சாய் விதை' என்று ஒன்று கிடையாது. அந்தப் பெயரில் பாக்கெட்டில் விற்கப்படுவது சாதாரண மர விதைகள்தான்.

இந்தக் கலை ஜப்பானில் பிறந்ததும் இல்லை. சீனாவில் தாங் வம்ச இளவரசர் ஒருவருக்காக 706-ம் ஆண்டு கட்டப்பட்ட கல்லறையின் சுவர் ஓவியத்தில், தட்டில் வைத்த சிறு செடியைப் பணிப்பெண்கள் ஏந்திச் செல்லும் காட்சி இருக்கிறது. சீனாவில் 'பென்ஜிங்' என்று அழைக்கப்படும் அந்தக் கலை ஜப்பானுக்குச் சென்று, அங்கே இன்றைய வடிவத்தை அடைந்தது.

மரத்தைச் சித்ரவதை செய்கிறோமா?

"வளர வேண்டிய மரத்தை இப்படிக் குறுக்கி வைக்கலாமா? வீட்டுக்கு ஆகாதாமே?" என்று பெரியவர்கள் கேட்பது வழக்கம். வாஸ்து நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால், மரம் கஷ்டப்படுகிறதா என்ற கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

போன்சாயைப் பட்டினி போட்டு யாரும் குட்டையாக்குவதில்லை. அப்படிச் செய்தால் அது செத்துப்போகும். வேரை வெட்டும்போது வெட்டிய இடத்தில் மெல்லிய புது வேர்கள் கொத்தாக வருகின்றன. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுவது இந்த மெல்லிய வேர்கள்தான். கிளை நுனியை வெட்டும்போது பின்னால் உள்ள மொட்டுகள் விழிக்கின்றன. மல்லிகையைக் கவாத்து செய்வதும் இதே கணக்குதான்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் தொட்டி மரம் எத்தனை காலம் வாழும் என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டனில் ஒரு சாட்சி நிற்கிறது. 1625-ல் இருந்து தொட்டியில் பராமரிக்கப்பட்டுவரும் வெள்ளை பைன் மரம் அது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது, ஏறக்குறைய 3 கி.மீ. தொலைவில் யமாகி குடும்பத்தின் நர்சரியில் இருந்தது. மதில் சுவரின் மறைவில் தப்பிப் பிழைத்தது. 1976-ல் ஜப்பான் அமெரிக்காவுக்குப் பரிசளித்த 53 போன்சாய் மரங்களில் இதுவும் ஒன்று. குண்டுவீச்சில் தப்பிய மரம் என்ற விவரம், 2001-ல் அந்தக் குடும்பத்துப் பேரன்கள் அதைப் பார்க்கப் போனபோதுதான் அங்கிருந்தவர்களுக்கே தெரிந்தது.

எந்த மரத்தில் தொடங்கலாம்?

ஜூனிபர், பைன், ஜப்பானிய மேப்பிள் இந்த மூன்றும் படத்தில் அழகாக இருக்கும். ஆனால், இவற்றுக்குக் குளிர்காலத்தில் ஓய்வு தேவை. தூத்துக்குடி மாவட்டத்தில் அப்படி ஒரு குளிர்காலமே இல்லை. முதல் மரமாக இவற்றை வாங்காதீர்கள்.

நம்ம ஊர் வெயிலுக்குப் பழகிய மரங்களே போதும்:

• ஆல், இச்சி வகைகள்: தொடக்கக்காரர்களுக்கு இதைவிட நல்ல தேர்வு இல்லை. வேரை வெட்டினாலும், ஒருநாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் பெரும்பாலும் மீண்டுவிடும். கடைகளில் 'ஃபைகஸ்' என்ற பெயரில் கிடைப்பதும் இந்தக் குடும்பம்தான். அரசும் இதே இனம்தான் என்றாலும், அதன் பெரிய இலையைச் சிறிதாக்குவது கடினம்.

• கொடுக்காப்புளி, புளி: இலை சிறியதாக இருப்பதால் சின்ன மரத்திலேயே பெரிய மரத்தின் தோற்றம் வந்துவிடும். புளி மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும்.

• காகிதப்பூ: வீட்டு வாசலில் பழைய கொடி இருந்தால், கட்டை விரல் தடிமனுள்ள குச்சியை வெட்டி நட்டுத் தொடங்கலாம். மண்ணில் ஈரம் தேங்கினால் இதற்குப் பிடிக்காது.

• அடீனியம்: பாலைவன ரோஜா என்றும் சொல்வார்கள். தண்டிலேயே தண்ணீரைச் சேர்த்துவைக்கும். அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கு ஏற்றது.

மரம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஜப்பானியப் புத்தகம் தேவையில்லை. ஓட்டப்பிடாரத்தில் இருந்து பாஞ்சாலங்குறிச்சி போகும் வழியில் கரிசல் காட்டைப் பார்த்தாலே போதும். குடை விரித்ததுபோலத் தலை தட்டையாக நிற்கும் உடைமரம், காற்றடித்து ஒரே பக்கமாகச் சாய்ந்த வேலமரம் எனப் போன்சாய்க்காரர்கள் பல வருடம் பாடுபட்டுக் கொண்டுவரும் வடிவங்கள் இங்கே தானாகவே நிற்கின்றன. போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் மாதிரி.

கன்று எங்கே கிடைக்கும்?

கிணற்றுச் சுவரில், மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் ஓரத்தில், பழைய வீட்டுக் காரை விரிசலில் பாருங்கள். மைனாவும் குயிலும் ஆலம்பழம் தின்றுவிட்டுப் போட்ட எச்சத்தில் இருந்து முளைத்த கன்று ஒன்றாவது இருக்கும். மண்ணே இல்லாத இடத்தில் முளைத்ததால் தண்டு தடித்து, வேர் முறுக்கி, பாதி போன்சாயாகவே நிற்கும். விட்டுவைத்தால் சுவரைப் பிளந்துவிடும் என்பதால் எப்படியும் பிடுங்கத்தான் போகிறோம்.

மழை பெய்து சுவர் ஊறியிருக்கும்போது எடுப்பது நல்லது. உளியால் காரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி, கிடைக்கும் வேரோடு எடுங்கள். எடுத்த உடனே ஈரச் சாக்கில் சுற்றிவிடுங்கள். வேர் கொஞ்சமாகத்தான் வந்தது என்றாலும் கவலை வேண்டாம். இலைகளில் பாதியைக் கிள்ளிவிட்டு, நிழலில் வைத்துப் பார்த்துக்கொண்டால் ஆலங்கன்று பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நம் வீடு என்றால் பிரச்சினையில்லை. கோயில், பழைய அரசுக் கட்டடம் என்றால் அனுமதி கேட்காமல் கை வைக்கக் கூடாது.

காட்டில் இருந்தோ தீவில் இருந்தோ பழைய மரங்களைத் தோண்டி எடுத்துவருவது வேறு விஷயம். மன்னார் வளைகுடாவின் பவளத் தீவுகளில் 'பெம்ஃபிஸ் அசிடுலா' என்ற குறுமரம் வளர்கிறது. உப்புக் காற்றில் முறுக்கிக்கொண்டு நிற்கும் இந்த மரத்துக்குப் போன்சாய் உலகில் பெரிய கிராக்கி. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா கடற்கரைகளில் இதைத் தோண்டி விற்பது ஒரு வியாபாரமாகவே ஆகி, இயற்கையில் அதன் எண்ணிக்கை குறைவதற்குக் காரணமாகிவிட்டது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கிருந்து ஒரு செடியைப் பிடுங்குவதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காப்புக்காடுகளில் இருந்தும் அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது.

தோட்டத்துக் கரிசல் மண்ணைப் போடலாமா?

போடவே கூடாது. பருத்தியும் உளுந்தும் மானாவாரியில் விளைகிறது என்றால் அதற்குக் காரணம் கரிசல்தான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழையை அது மாதக்கணக்கில் பிடித்துவைத்துக்கொள்ளும். காட்டில் அது வரம். நான்கு விரல் ஆழத் தொட்டியில் அதுவே எமன்.

நனைந்தால் கரிசல் உப்பி, காற்றுப் போகும் இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். வேருக்கும் மூச்சு வேண்டும், காற்றில்லாவிட்டால் அழுகும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வெடிக்கும்போது மெல்லிய வேர்கள் அறுந்துபோகும். பிறகு ஊற்றும் தண்ணீர் அந்த விரிசல் வழியாகவே ஓடிவிடும், வேருக்குச் சேராது.

எளிய கலவை இது:

• மிளகு அளவு முதல் பட்டாணி அளவு வரை உடைத்த செங்கல் ஜல்லி: 2 பங்கு
• பருமனான ஆற்றுமணல்: 1 பங்கு
• நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம்: 1 பங்கு

செங்கல்லை உடைத்த பிறகு சல்லடையில் சலித்துத் தூளை அப்புறப்படுத்துவது முக்கியம். தூள் இருந்தால் அது சேறாகி, கரிசல் செய்த வேலையையே செய்யும். கடல்மணல் பக்கத்தில் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், உப்பு வேரைச் சுட்டுவிடும்.

தொட்டிக்கு மாற்றுவது எப்படி?

எடுத்த எடுப்பில் தட்டுத் தொட்டிக்குப் போகத் தேவையில்லை. தட்டில் வைத்துவிட்டால் அடிமரம் பருப்பது ஏறக்குறைய நின்றுவிடும். தடிமனான அடிமரம் வேண்டுமென்றால் முதல் ஒன்றிரண்டு வருடம் பெரிய தொட்டியிலோ, ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் டப்பிலோ தாராளமாக வளரவிடுங்கள்.

அடி பருத்த பிறகு, மாசி மாதம் தட்டுக்கு மாற்றலாம். குளிர் விலகி, அக்னி வெயில் வருவதற்கு முந்தைய காலம் அது. தவறவிட்டால் புரட்டாசிக் கடைசி.

1. தொட்டியின் அடியில் பெரிய ஓட்டைகள் இருக்க வேண்டும். ஓட்டைமேல் கொசுவலைத் துண்டை வையுங்கள்.

2. மரத்தை எடுத்து, மூங்கில் குச்சியால் பழைய மண்ணை உதிர்த்து, வேர்களைச் சுற்றிலும் விரியுங்கள்.

3. நேராகக் கீழே போகும் ஆணிவேரை வெட்டுங்கள். மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்ட வேண்டாம்.

4. தொட்டி ஓட்டை வழியாகக் கம்பி விட்டு மரத்தை இறுக்கிக் கட்டுங்கள். பலரும் விட்டுவிடும் வேலை இது. ஆடிக் காற்றில் மரம் ஆடிக்கொண்டே இருந்தால் புதிய வேர்கள் பிடிக்கவே பிடிக்காது.

5. குச்சியால் குத்திக் குத்திக் கலவையை வேர் இடுக்குகளில் இறக்குங்கள். அடி ஓட்டை வழியாகத் தெளிந்த நீர் வரும்வரை ஊற்றுங்கள்.

6. இரண்டு, மூன்று வாரம் வெளிச்சமான நிழலில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு உரம் வேண்டாம்.

கடையில் வாங்கிய மரமாக இருந்தால் மேலே கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி இருந்தால் முதலில் அதை உடைத்தெடுங்கள். ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடுவதற்கு அதுவே காரணம்.

தண்ணீர்: எவ்வளவு, எப்போது, எந்தத் தண்ணீர்?

2019 ஜனவரியில் ஜப்பானின் சைதாமா மாகாணத்தில், ஒரு தம்பதியின் தோட்டத்தில் இருந்து ஏழு போன்சாய் மரங்கள் திருடு போயின. அதில் ஒன்று சுமார் 400 வயதான ஜூனிபர். அதன் மதிப்பு மட்டும் ஒரு கோடி யென்னுக்கு மேல். அந்த வீட்டுப் பெண்மணி சமூக வலைதளத்தில் திருடர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்: எடுத்துப் போனவர்கள் தயவுசெய்து அதற்குத் தண்ணீராவது ஊற்றுங்கள், ஒரு வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் அது பிழைக்காது. நானூறு வருடம் வாழ்ந்த மரத்தின் கதி ஒரு வாரத் தண்ணீரில் இருக்கிறது. போன்சாய் வளர்ப்பின் முக்கால் பங்கு இதுதான். ஜப்பானில் தண்ணீர் ஊற்றக் கற்றுக்கொள்ளவே மூன்று வருடம் ஆகும் என்பார்கள்.

எப்போது? 'தினமும் காலை ஒரு டம்ளர்' என்று கணக்கு வைக்காதீர்கள். விரலை ஒரு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். காயத் தொடங்கியிருந்தால் ஊற்றுங்கள். சித்திரை, வைகாசியில் காலை, மாலை இரண்டு வேளையும் தேவைப்படும். மார்கழியில் ஒருநாள் விட்டு ஒருநாள் போதுமானதாக இருக்கலாம்.

எவ்வளவு? ஊற்றினால் அடியில் ஓடும் அளவுக்கு ஊற்ற வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை. இலைமேல் ஸ்பிரே அடிப்பது தண்ணீர் ஊற்றியதாகக் கணக்கில் வராது. மேல்மண் மட்டும் நனைந்து, அடிவேர் காய்ந்து கிடக்கும்.

எந்தத் தண்ணீர்? இலை நுனி கருகுவதும், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூப்பதும் உப்புத் தண்ணீரின் அடையாளம். குடிக்க வரும் ஆற்றுத் தண்ணீரில் ஒரு சொம்பு ஒதுக்கினாலே ஒரு சின்ன மரத்துக்குப் போதும். மழைக்காலத்தில் டிரம்மில் பிடித்து மூடிவைத்த தண்ணீர் இன்னும் நல்லது. ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரையும் ஊற்றலாம். ஆனால், ஆர்.ஓ. மெஷினில் கழிவாக வரும் தண்ணீர் வேண்டாம். அதில் உப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். வேறு வழியில்லாமல் போர் தண்ணீர்தான் ஊற்றுகிறீர்கள் என்றால், வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, சேர்ந்த உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள்.

கம்பியும் கத்தரியும்

கிளையை வளைக்க அலுமினியக் கம்பி போதும். கிளைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் இருந்தால் சரி. 45 டிகிரி சாய்வில், இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். பிறகு இரண்டு கைகளாலும் மெதுவாக வளையுங்கள். ஆல் வகைகள் வேகமாகப் பருப்பதால் ஆறு முதல் எட்டு வாரத்தில் கம்பி பட்டைக்குள் புதைய ஆரம்பிக்கும். வாரம் ஒருமுறை பாருங்கள். கழற்றும்போது சுருளைப் பிரிக்காமல், துண்டு துண்டாக வெட்டி எடுத்தால் கிளை முறியாது.

கிளை வெட்டுவதற்கு எளிய விதி: புதுத் தளிரில் ஆறு, ஏழு இலை வரும்வரை விடுங்கள், பிறகு இரண்டு இலை விட்டு வெட்டுங்கள். பால் வடிந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். வேர் வெட்டிய அன்றே கம்பியும் கட்டி, கிளையையும் ஒட்ட வெட்டிவிட வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு வேலை.

ஓட்டப்பிடாரம் காலண்டர்

• மாசி - பங்குனி: தொட்டி மாற்ற, வேர் வெட்ட, புதிதாகத் தொடங்க.

• சித்திரை - வைகாசி: மொட்டைமாடியின் சிமென்ட் தரையில் நேராக வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் வேர் வெந்துபோகும். செங்கல் அடுக்கிப் பலகைமேல் வையுங்கள். மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள்.

• ஆனி - ஆடி: வெயிலைவிடக் காற்றுதான் ஆபத்து. தொட்டி சீக்கிரம் காயும். சுவர் ஓரமாக நகர்த்துங்கள்.

• ஐப்பசி - மார்கழி: மழையில் நனையவிடுங்கள், வேரில் தங்கிய உப்பு கழுவிப் போகும். அடைமழை என்றால் தொட்டிக்கு ஒருபக்கம் கல்லை வைத்துச் சாய்த்துவிடுங்கள். 2023 டிசம்பரில் இதே மாவட்டத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அடியில் ஓட்டை சரியாக இல்லாத தொட்டி அரை நாள் மழைக்கே குளமாகிவிடும்.

வளரும் காலத்தில் 15 நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள்.

இலை கொட்டிவிட்டால்?

உடனே தூக்கிப் போடாதீர்கள். இடம் மாறினாலே ஆல் வகைகள் இலை கொட்டும். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. இலை இல்லாத மரம் குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும் என்பதால் அளவாக ஊற்றி, வெளிச்சமான நிழலில் வையுங்கள். உரம் வேண்டாம். சில வாரத்தில் தளிர் வரலாம். சுரண்டிய இடமெல்லாம் பழுப்பாகக் காய்ந்திருந்தால் மட்டுமே முடிந்தது என்று அர்த்தம்.

மீண்டு வந்தால் மறுபடியும் டிவி பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். போன்சாய் ஷோகேஸ் பொம்மை அல்ல, அது வெளியில் வாழும் மரம். தினமும் நான்கைந்து மணி நேரமாவது வெயில் வேண்டும். விருந்தாளி வரும்போது ஒரு நாள் உள்ளே வைத்து அழகு பார்த்துவிட்டு, மறுநாள் வெளியே எடுத்துவிடுங்கள்.

கல்யாணம், கோயில் கொடை என்று இரண்டு, மூன்று நாள் வெளியூர் போகும்போது, அகலமான சட்டியில் ஈரமணலை நிரப்பி அதன்மேல் தொட்டியைப் பதித்து, நிழலில் வைத்துவிட்டுப் போகலாம். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். போவதற்கு முன்னால் எப்படி ஊற்ற வேண்டும் என்பதை ஒருமுறை ஊற்றியே காட்டிவிடுங்கள். "லேசா தெளிச்சா போதும்ல?" என்றுதான் அவர்களும் கேட்பார்கள்.